போதைப் பழக்கத்தின் மரபியல்: எலியா, மீனா, ஈயா? நிதி கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறையில் இருக்கும் ஆசிரியர், போதைப் பழக்கத்தின் மரபியல் பற்றித் தன் முதல் ஆய்வுத் திட்டத்தை எழுத உட்காருகிறார். எந்த நிறுவனம் நிதி தரும் என்றுதான் பெரும்பாலும் முதலில் தேடுவார். முதலில் முடிவாக வேண்டியது விலங்கு. எந்த விலங்கு என்று முடிவானால் எந்த அனுமதி வேண்டும், எத்தனை மாதத்தில் முதல் தரவு கைக்கு வரும், இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டால் எது சாகும், மூன்றாண்டு முடிந்து பணம் நின்ற பிறகு அதற்குத் தீனி போடுவது யார் என்பதெல்லாம் கூடவே முடிவாகிவிடும். நிதி நிறுவனத்தைத் தேடுவது அதற்குப் பிறகு போதும்.

வழிகள் ஐந்து: கல்லூரியிலேயே எலி வளர்ப்பது, ஜீப்ரா மீன், பழ ஈ, உருளைப்புழு, இங்கே எதையும் வளர்க்காமல் வேறொரு நிறுவனத்தில் போய்ச் செய்வது. முதல் திட்டத்துக்குப் பழ ஈயையும் எத்தனாலையும் (மதுவில் உள்ள ஆல்கஹால்) எடுத்துக்கொள்ளுங்கள். எலி வேலை வேண்டுமென்றால் அதைத் திருவனந்தபுரத்தில் செய்யுங்கள் என்பது எங்கள் முடிவு. சொந்தமாக எலிக்கூடம் கட்டுவதை முதல் திட்டத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஏன் விலங்கு என்ற கேள்வி

மதிப்பீட்டாளர் இதைக் கட்டாயம் கேட்பார். மனிதரின் மரபணுத் தரவு இவ்வளவு குவிந்திருக்கும்போது எலியையும் ஈயையும் ஏன் பிடிக்க வேண்டும்?

இரட்டையர்களையும் தத்துக் குழந்தைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மது அடிமைத்தனத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று 2015-இல் கணக்கிட்டார்கள். அந்தப் பாதி ஒரே மரபணுவில் இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில், ஒவ்வொன்றிலும் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. மனிதர்களிடம் ஓர் இடத்தை அடையாளம் காணலாம். அது மூளையில் என்ன செய்கிறது என்பதைத் திறந்து பார்க்க முடியாது. கிழக்காசியாவில் குடிப்பழக்கத்துக்கு ஓரளவு தடையாக இருக்கும் ஏ.எல்.டி.எச்.2 மரபணு மாற்றம் நம்மிடையே மிக அரிது என்பதால், அங்கே கிடைத்த முடிவை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கவும் வழியில்லை.

திட்டத்தில் எடுத்துக்காட்டாக எழுத நிகோட்டின் கதை சிறந்தது. சி.எச்.ஆர்.என்.ஏ.5 என்ற ஏற்பி மரபணுவுக்கும் அதிகமாகப் புகைப்பதற்கும் தொடர்பு உண்டு என்று மனித ஆய்வுகள் காட்டின. காரணம் தெரியவில்லை. 2011-இல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளிடம் விடை கிடைத்தது. சாதாரணச் சுண்டெலி நிகோட்டின் அளவு கூடினால் குமட்டிப்போய் விலகிவிடும். மரபணு நீக்கப்பட்டது அதே அளவிலும் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தது. மூளையின் ஹபெனுலா பகுதியில் 'போதும்' என்று தடுக்கும் சுற்று வேலை செய்யவில்லை. இப்படி ஒன்றை நாலு வரியில் எழுதிவிட்டால், ஏன் விலங்கு என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எலியும் சுண்டெலியும்

போதை ஆய்வில் மனிதருக்கு மிக நெருக்கமான நடத்தை இவற்றில்தான் தெரியும். தானே நெம்புகோலை அழுத்தி மருந்து எடுப்பது, நிறுத்திய பிறகு மறுபடி தேடுவது, ஷாக் கிடைத்தாலும் விடாதது ஆகியவற்றை ஈயிடம் இந்த அளவு நெருக்கமாக அளக்க முடியாது.

தடை மூன்று. முதலாவது பதிவு. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் ஒன்றிய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.-இல் விலங்ககம் பதிவாகி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு (ஐ.ஏ.இ.சி.) அமைந்து, அக்குழுவில் சி.சி.எஸ்.இ.ஏ. நியமிக்கும் உறுப்பினர்களும் இருந்து, படிவம் 'பி' ஒப்புதல் ஆக வேண்டும். எலி அளவில் உள்ளூர்க் குழுவே ஒப்புதல் தரலாம் என்றாலும், புதிதாகப் பதிவு செய்யும் கல்லூரி கட்டடத்தையே மாற்ற வேண்டியிருக்கும்: அழுக்குப் பாதை வேறு, சுத்தப் பாதை வேறு, வெப்பமும் ஈரமும் கட்டுக்குள், கால்நடை மருத்துவர் ஒருவர். திட்டப் பணத்தில் கட்டடம் கட்ட விடமாட்டார்கள்.

இரண்டாவது போதைப்பொருள். மார்பின், கொக்கெயின் என்றால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) குறுக்கே வரும். உரிமம், இரட்டைப் பூட்டு அலமாரி, மில்லிகிராம் கணக்கில் பதிவேடு எல்லாம் வேண்டும். நிகோட்டினும் எத்தனாலும் அந்தச் சட்டத்தில் இல்லை.

மூன்றாவது எண்ணிக்கை. பலரும் சறுக்குவது இதில்தான். அமெரிக்காவில் போதைப் பழக்க ஆய்வுக்கான தேசிய நிறுவனமான என்.ஐ.டி.ஏ.-இன் நிதியில் நடக்கும் கலப்பின எலி ஆய்வுகள், எட்டு உள்ளினங்களை (உறவுக்குள்ளேயே பெருக்கிய எலி வகைகளை) கலந்து 1984-இல் தொடங்கிய எலிக் கூட்டத்தை வைத்து ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. நாற்பது எலியை வைத்துக்கொண்டு 'மரபணு தேடுகிறோம்' என்று எழுதினால் புள்ளியியல் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். நாற்பதில் செய்யக்கூடியது ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணுவைச் சோதிப்பது, அல்லது இரண்டு உள்ளினங்களை ஒப்பிடுவது. சி57பிஎல்/6ஜே சுண்டெலி மதுவை விரும்பிக் குடிக்கும், டி.பி.ஏ./2ஜே தொடாது. ஒரு கூண்டில் இரண்டு புட்டி, ஒன்றில் தண்ணீர், மற்றதில் 10 சதவீத எத்தனால். தினமும் இடம் மாற்றி வைத்து எடை பார்க்க வேண்டும். விலங்கில்லாத கூண்டு ஒன்றிலும் அதே இரண்டு புட்டியைத் தொங்கவிட வேண்டும். சொட்டிப்போகும் அளவைக் கழிக்காவிட்டால் பாதித் தரவு பொய். வாங்கும்போது சீட்டில் 6ஜே என்றிருக்கிறதா 6என் என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கறுப்புதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 6என்-இல் சைஃபிப்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் கொக்கெயினுக்கான எதிர்வினையே வேறு என்று 2013-இல் காட்டியிருக்கிறார்கள்.

ஜீப்ரா மீன்

நம் குமரி மாவட்டத்துக்கு இயல்பாகப் பொருந்துவது போலத் தோன்றும். அதற்கு வேண்டிய 28 டிகிரி வெப்பம் இங்கே ஹீட்டர் இல்லாமலே கிடைக்கிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு ஈடானவை மீனில் உண்டு. மீன் வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள் இங்கே அதிகம்.

தண்ணீரில் கவனம் வேண்டும். கடலோரப் போர்வெல் நீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதல். மழைக்காலத்தில் அதே கிணற்றின் அளவீடு மாறும். ஆர்.ஓ. நீரில் அளந்து உப்புச் சேர்த்து, பி.எச். 7 முதல் 7.5-க்குள் வைத்து, மின் கடத்துதிறனைத் தினமும் குறிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் போக சோடியம் தயோசல்ஃபேட்டும் ஒரு நாள் காற்றோட்டமும் வேண்டும். அலங்கார மீன் கடையில் வாங்கிய மீனை ஆய்வுக்கு எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வயது தெரியாது, மரபு தெரியாது, காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் தொற்று உள்ளே இருக்கலாம். அப்படிப்பட்ட மீன் மந்தமாக நீந்தினால் அது எத்தனாலின் விளைவா நோயின் விளைவா என்று சொல்ல முடியாது.

மரபணுவை வெட்டி மாற்ற வேண்டுமென்றால் முட்டையிட்ட அரைமணி, முக்கால் மணிக்குள், ஒற்றைச் செல் நிலையில் ஊசி போட வேண்டும். ஊசி இழுக்கும் கருவி, மைக்ரோ இன்ஜெக்டர், பழகிய கை மூன்றும் வேண்டும். ஒரு தலைமுறைக்கு மூன்று மாதம். இரண்டு பிரதியும் மாறிய மீன் கிடைக்க, எல்லாம் சரியாக நடந்தாலும் முக்கால் ஆண்டு ஓடிவிடும். மூன்றாண்டுத் திட்டத்தில் முதலாண்டு கருவி வாங்குவதிலேயே கழியும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மீனும் ஐ.ஏ.இ.சி. ஒப்புதலுக்கு உட்பட்டதே. இரண்டாம் திட்டமாக வைத்துக்கொண்டால் மீன் நல்ல தேர்வு.

பழ ஈ

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விவசாயிகள் 'பழ ஈ' என்று சொல்லி மாந்தோப்பில் பொறி வைப்பது வேறு. இங்கே சொல்வது கனிந்த மட்டிப் பழக்குலையைச் சுற்றிப் பறக்கும், மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத டிரோசோஃபிலா. திட்டச் சுருக்கத்தில் முதல் வரியிலேயே அதன் அறிவியல் பெயரை எழுதுங்கள்.

போதை மரபியலில் இந்த ஈயின் சாதனை சிறியதல்ல. எத்தனாலுக்குச் சீக்கிரம் மயங்கும் 'சீப்டேட்' 1998-இல் வந்தது. தாங்குதிறனோடு தொடர்புடைய 'ஹேங்ஓவர்' 2005-இல். 2009-இல் வந்த 'ஹேப்பிஅவர்' ஆய்வை அவசியம் படிக்க வேண்டும். ஈயில் கண்ட அந்த மரபணு, செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப். ஏற்பிப் பாதையைச் சுட்டியது. அந்தப் பாதையைத் தடுக்கும் எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது எலிகள் மது குடிப்பது குறைந்தது. ஈயில் தொடங்கி எலியில் முடியும் திட்டம் வெறும் ஆசையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

வேலை இப்படி. இரண்டு பி.ஓ.டி. இன்குபேட்டர் (குளிரவும் வைக்கும் வெப்பப் பெட்டி): ஒன்று 25 டிகிரியில் சோதனைக்கு, மற்றது 18-இல் இருப்புக்கு. இரண்டு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குப்பி, பஞ்சு. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாள். அறை வெப்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அறை 30 டிகிரியைத் தாண்டும்போது ஆண் ஈக்கள் மலடாகி, ஒரு மாதத்தில் குப்பிகள் வெறுமையாகும்.

ஒரு லிட்டர் உணவுக்கு மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, குளுக்கோஸ் 20, ஈஸ்ட் 15, அகார் 8. கட்டி தட்டாமல் காய்ச்சி இறக்கிய பின், 60 டிகிரிக்கு வந்ததும் புரோபியானிக் அமிலம் 4 மி.லி., 5 மி.லி. எத்தனாலில் கரைத்த மெத்தில் பாரபென் 1 கிராம். கொதிக்கும்போதே ஊற்றினால் அமிலம் ஆவியாகிப்போய் நான்காம் நாள் பூஞ்சணம் பூக்கும். ஆறவிட்டு ஊற்றினால் அகார் இறுகத் தொடங்கி, கலவை சீராகாது. குப்பிக்கு 10 மி.லி. என்றால் நூறு குப்பி. ஊற்றியதும் அடைக்கக் கூடாது. வேட்டித் துணியை மூடி ஓர் இரவு விட்டு, உள்சுவரில் வியர்த்த நீர் காய்ந்த பிறகே பஞ்சு அடைக்க வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாட்களில் அது ஓர் இரவில் காயாது, ஃபேன் வைக்க வேண்டும். ஈரச் சுவரில் ஒட்டிய ஈ செத்துத்தான் போகும். அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு வந்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் பழைய குப்பியை வைத்திருந்தால் மைட் என்ற சிற்றுண்ணி ஏறும். அது ஏறினால் இருப்பு முழுவதும் போகும்.

சோதனை எளிது. ஒரு குப்பியில் ஒரே வயதுள்ள, ஒரே பாலினத்து ஈ பத்து. பஞ்சு அடைப்பின்மேல் 85 சதவீத எத்தனால் 1 மி.லி. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை குப்பியை மெல்லத் தட்டி, அரை நிமிடம் கழித்து எழுந்து நிற்காதவற்றை எண்ண வேண்டும். பாதி ஈ மயங்க ஆகும் நேரம்தான் அளவு. நாலு மணி நேரம் கழித்து மறுபடி செய்தால் அந்த நேரம் கூடும். அந்த வித்தியாசம்தான் தாங்குதிறன். ஒரு நாளில் ஒருவர் இருபது முப்பது குப்பி பார்க்கலாம்.

எங்கே தப்பும்? சோதனை நாளிலேயே கார்பன் டை ஆக்சைடு கொடுத்து ஈயைப் பிரித்தால் அந்த மயக்கமும் கணக்கில் சேரும். முந்தின நாளே பிரித்து வைக்க வேண்டும். ஏ.சி. இல்லாத அறையில் எத்தனால் வேகமாக ஆவியாகி, மதியம் எடுத்த அளவும் காலை எடுத்த அளவும் ஒத்துப்போகாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் டினேச்சர்டு ஸ்பிரிட்டும் கூடவே கூடாது. அதில் உள்ள மெத்தனாலும் மற்றவையும் வேறு கதை சொல்லும். சுத்த எத்தனாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். வேதியியல் துறையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எல்லாவற்றிலும் நுட்பமான தவறு கண் நிறத்தில் இருக்கிறது. மரபணு மாற்றிய ஈக்களில் அடையாளத்துக்காக வைக்கும் 'ஒயிட்' மரபணுவே எத்தனால் மயக்கத்தை மாற்றும். சிவப்புக் கண் ஈயை வெள்ளைக் கண் ஈயோடு ஒப்பிட்டுவிட்டு மரபணு கண்டோம் என்று எழுதினால், கண்டது கண் நிறத்தின் மரபணுவாக இருக்கலாம். ஐந்தாறு தலைமுறை ஒரே பின்னணியோடு கலந்த பிறகே ஒப்பிட வேண்டும். இதைத் திட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று மதிப்பீட்டாளருக்குப் புரியும்.

இருப்பு ஈக்கள் அமெரிக்காவின் புளூமிங்டன் ஈ இருப்பு மையத்தில் கிடைக்கும். உள்நாட்டில் பெங்களூரில் உள்ள ஈக்கூடத்தை அணுகலாம். கோடையில் கூரியரை நம்பாமல் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கையோடு கொண்டுவருவது மேல். உள்ளூர் ஈயைப் பிடித்து இயற்கை வேறுபாட்டைப் பார்க்கலாமே என்று தோன்றும்; நல்ல யோசனைதான், ஆனால் மட்டிப்பழப் பொறியில் மெலனோகாஸ்டரோடு (ஆய்வகங்களில் வளர்க்கும் டிரோசோஃபிலா இனம் இதுதான்) அனனாசே என்ற உறவினமும் விழும். பெண் ஈக்களை வேறுபடுத்துவது கடினம். ஒவ்வொரு பெண்ணையும் தனிக் குப்பியில் விட்டு, பிறக்கும் ஆண்களின் முன்காலைப் பார்க்க வேண்டும். ஒரே கணுவில் ஒரு கறுப்புச் சீப்பு என்றால் மெலனோகாஸ்டர்; பல கணுக்களில் குறுக்கு வரிசை என்றால் அனனாசே.

ஈயின் எல்லையையும் ஒளிக்காமல் எழுதுங்கள். எத்தனால் ஈக்கு உணவும்கூட. அது எத்தனால் கலந்த உணவைத் தேடிப் போவது போதைக்காகவா கலோரிக்காகவா என்ற விவாதம் உண்டு. அதனால் முதல் திட்டத்தில் 'விருப்பம்' என்பதை விட்டு, மயக்கத்தையும் தாங்குதிறனையும் மட்டும் அளப்பது பாதுகாப்பு.

உருளைப்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று நாளில் ஒரு தலைமுறை. நரம்புச் செல்லில் பொட்டாசியம் போகும் வழியான எஸ்.எல்.ஓ.-1 மேல் எத்தனால் செயல்படுகிறது என்பது 2003-இல் இதில்தான் தெளிவானது. 20 டிகிரியும் கிருமி புகாத கைப்பழக்கமும் வேண்டும். நுண்ணுயிரியல் துறையின் துணை இருந்தால் ஈக்கு இணையான தேர்வு.

கரண்ட் போனால்

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; பல ஊர்களுக்குக் கரண்ட் வர நாட்கள் ஆயின. அதே நிலைமையை உங்கள் ஆய்வகத்தில் வைத்துப் பாருங்கள். எலிக்கூடத்தில் ஏ.சி.யும் காற்றோட்டமும் நிற்கும். ஜெனரேட்டருக்கு டீசல் தேட வேண்டும். மீன் தொட்டியில் வெப்பம் பரவாயில்லை, காற்றுக் குமிழ் நின்றால் நெருக்கமாக விட்ட மீன் சில மணி நேரத்தில் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரிப் பம்ப் கட்டாயம். ஈக்கு ஒன்றும் ஆகாது, கார்த்திகை மாத அறை வெப்பத்தில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈயை உறையவைத்துப் பாதுகாக்கும் வழி சாதாரண ஆய்வகத்துக்கு இல்லாததால், ஒவ்வொரு இருப்பும் இரண்டு அறையில் இரண்டு பிரதி இருக்க வேண்டும். புழுவை மைனஸ் 80-இல் உறையவைக்கலாம். அந்த உறைபெட்டியே நின்றுபோனால் பட்டினித் தட்டில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் புழுதான் காப்பாற்றும்.

பணம்

இப்போதைய விகிதப்படி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஒருவருக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், மூன்றாமாண்டு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. கூட்டினால் 13,92,000, வீட்டு வாடகைப்படி தனி. முப்பது லட்ச ரூபாய்த் திட்டத்தில் ஏறக்குறைய பாதி ஒரே ஒருவரின் உதவித்தொகை. மீதி பதினாறு லட்சத்தில் ஈ ஆய்வகம் நிமிர்ந்து நிற்கும். மீன் ஆய்வகம் மைக்ரோ இன்ஜெக்டர் வாங்கியதும் திணறும். எலியின் தானியங்கி நெம்புகோல் கூண்டுகள் நான்கைந்து வாங்கினாலே தீர்ந்துவிடும்.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு நிதி அமைப்பு, முன்பு ஒன்றிய அரசின் ஆய்வு நிதியை வழங்கிய எஸ்.இ.ஆர்.பி. வாரியத்தை உள்வாங்கிக்கொண்டது. புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு அதன் இளம் ஆய்வாளர் நிதிதான் முதல் இலக்கு. வயது வரம்பையும் பணியின் தன்மையையும் அந்தந்த அழைப்பில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு (ஐ.சி.எம்.ஆர்.) எழுதினால் நோயாளியோடு தொடர்பு கேட்பார்கள்; மருத்துவக் கல்லூரி மனநலத் துறை ஒருவரைக் கூட்டாய்வாளராகச் சேர்க்காமல் அனுப்ப வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட நிதி சிறியதுதான். ஆனாலும் குப்பியும் உணவும் வாங்கி முன்னோட்டத் தரவு எடுக்க அது போதும். முன்னோட்டத் தரவு இல்லாத பெரிய விண்ணப்பம் கரை சேருவது கடினம்.

எலி மேல்தான் மனம் என்றால், கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆய்வுத் திட்டமான டேர் பொருத்தம். எஸ்.இ.ஆர்.பி. வகுத்த விதிப்படி, கல்லூரி ஆசிரியர் வேலையை விடாமல், ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் ஒரு தேசிய நிறுவனத்தில் ஆய்வு செய்யலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ஆய்வு நிதி, அதில் பாதி அங்கே, பாதி உங்கள் கல்லூரிக்கு; உங்களுக்கு ஆண்டுக்கு 60,000. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையமும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இருக்கின்றன, விதுராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்). காலை ரயிலில் போய் இரவு திரும்பலாம். மாவட்டத்துக்கு வாய்த்த இந்த வசதியை நம் கல்லூரிகள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது வருத்தம்.

அமெரிக்கப் பணத்தை அடிப்படையாக வைத்துத் திட்டம் போட வேண்டாம். 2025 ஏப்ரலில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) விலங்குப் பயன்பாட்டைக் குறைக்கும் கொள்கையை அறிவித்தது. மே மாதம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான துணை நிதியை நிறுத்தி வைத்தது. வந்தாலும் உங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டு நிதிச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பின் பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வரும், அங்கிருந்து வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது.

பதிவு பெற்ற விலங்ககமும் கால்நடை மருத்துவரும் உள்ள மருத்துவக் கல்லூரியிலோ பார்மசி கல்லூரியிலோ நீங்கள் இருந்தால் மேலே சொன்ன முடிவு மாறும். இரண்டு புட்டிச் சோதனையோடு சுண்டெலியில் தொடங்கலாம். கலைக் கல்லூரி என்றால், அடுத்த அழைப்புக்கு ஆறு மாதம் முன்பே இதைச் செய்யுங்கள்: ஒரு இன்குபேட்டர், மூன்று ஈ மரபுகள், ஒவ்வொன்றிலும் எட்டுக் குப்பி ஆண், எட்டுக் குப்பி பெண். குப்பிக்குப் பத்து என்றால் 480 ஈ. இதையே வேறு வேறு வாரங்களில் மூன்று முறை. மூன்று முறையும் மரபுகளின் வரிசை மாறாமல் வந்தால் அந்தப் படத்தை விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். வரிசை மாறினால் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். அறை வெப்பத்தையும் ஈயின் வயதையும் எத்தனால் புட்டியின் மூடியையும் பாருங்கள்.